எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும் முன் டி.பி. பாக்ஸைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வீடு-மனை இணைப்பில், குளியலறைச் சுவரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டச் சொல்லி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். எந்த அளவு ஃபேன், எவ்வளவு சத்தம் வரும், வெண்டிலேட்டர் கண்ணாடியை எடுத்துவிட்டு எப்படிப் பொருத்துவது என்றெல்லாம் விவரமாக இருந்தது, நல்லதுதான். கரண்டு கொடுப்பதைப் பற்றி மட்டும், பக்கத்தில் இருக்கிற இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் பற்றாமல் வெட்டினால், கரண்டு கசிந்தால் லைனை அறுக்கும் ஆர்.சி.சி.பி. பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள், மற்றதை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் காங்கேயத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், தறி மோட்டார், மாவு மில் மோட்டார் இவைதான் பட்டறைக்கு வருகிற வேலை. இப்போது கொஞ்ச காலமாக வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சின்ன ஃபேனுக்குக் காயில் கட்டினால் கூலிக்கே கட்டாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவேன். அனுப்பும் முன் பின்மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்ப்பதுண்டு. போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும், சோப்பும் தூசியும் சேர்ந்து காயில் மேல் பிசுபிசுவென்று ஒரு பூச்சு, ஒயர் சேரும் இடத்தில் செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும். மேலே சுற்றிய கருப்பு டேப் விரல் பட்டதும் நழுவி வரும். சீரிஸ் லேம்ப், அதாவது கரண்டு கசிகிறதா என்று காட்டும் சோதனை பல்பு, போட்டுப் பார்த்தால் மூன்றில் ஒன்றுக்கு பாடியிலேயே பல்பு எரிகிறது. அதாவது ஃபேனின் இரும்புச் சட்டத்தில் கரண்டு இறங்கியிருக்கிறது. கொண்டு வந்தவரிடம் கேட்டால், "ஆமாங்க, மாடத்தைத் தொட்டா ஒரு மாதிரி ஜிவ்வுனு இருக்கும்ங்க, ஈரம்னு நெனச்சோம்" என்பார்.

எல்லோரும் சொல்வது, ஃபேன் சின்னதுதானே, அது என்ன செய்துவிடப் போகிறது என்பது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் 30 வாட் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் அது இழுப்பது ஏறக்குறைய 130 மில்லி ஆம்பியர். ஈர உடம்பு வழியாக நெஞ்சைத் தாண்டிப் போனால் அதில் பாதியே ஆளைக் கொன்றுவிடும். ஃபேன் ஓடுவதற்கு வேண்டிய கரண்டை விட ஆள் சாவதற்கு வேண்டிய கரண்டு குறைவு, இதைத்தான் ஜனங்கள் யோசிப்பதில்லை. வீட்டு லைன்கள் பிரிகிற டி.பி. பாக்ஸில் இருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது கரண்டு அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச், விழ வேண்டுமானால் 6000 மில்லி ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். நனைந்த உடம்போடு 230 வோல்ட்டைத் தொட்டால் சுமார் 200 மில்லி ஆம்பியர்தான் பாயும், எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரி, அது பாட்டுக்கு மேலே தூக்கியபடியே நிற்கும். எம்.சி.பி.யின் வேலை ஒயர் எரியாமல் பார்த்துக்கொள்வது, ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலையே இல்லை.

சரி, பக்கத்து இணைப்புக்கு வருகிறேன். குளியலறையில் பக்கத்தில் இருக்கிற இணைப்பு எது? நூற்றுக்கு எண்பது வீட்டில் கீசர் பாயிண்ட். ஃபேன் மாட்ட வருகிற ஆள் கையில் மிச்சமிருக்கும் மெல்லிய இரண்டு கம்பி ஒயரைக் கீசர் சாக்கெட்டுக்குள் முறுக்கி, சுவரோரம் ஆணியடித்து வெண்டிலேட்டருக்குக் கொண்டு போய்விடுவார். அரை மணி நேர வேலை. கீசர் லைனுக்கு 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருப்பார்கள், அதன் ஒயரும் அதற்குத் தக்க தடிமனில் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் முக்கால் சதுர மில்லி மீட்டர் ஒயரை அந்த 20 ஆம்பியர் எம்.சி.பி. எப்படிக் காப்பாற்றும்? ஒயர் சூடாகி, மேலுறை உருகி, நாற்றம் வந்து, யாராவது ஓடிப்போய் மெயினை இறக்கினால்தான் உண்டு. அதிலும் இரண்டு கம்பி ஒயர் என்றால் எர்த் என்பதே ஃபேனுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

சரியான வழி ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே லைட் சுவிட்ச் இருக்கும் போர்டிலிருந்துதான் ஃபேனுக்கு எடுக்க வேண்டும். அது 6 ஆம்பியர் லைட் லைன், அதில் இன்னொரு 30 வாட் ஏறினால் பாரமே இல்லை. ஒன்றரை சதுர மில்லி மீட்டர் செம்பு ஒயர் மூன்று, சிவப்பு ஃபேஸ் (கரண்டு வருவது), கருப்பு நியூட்ரல் (கரண்டு திரும்புவது), பச்சை எர்த் (கசிவை மண்ணுக்கு இறக்குவது), பைப்புக்குள் போட்டு ஃபேன் வரைக்கும் இழுக்க வேண்டும். சுவிட்ச் வெளியேதான், ஈரக் கை எட்டாத இடத்தில். பிரிட்டனில் குளியலறைக்குள் சாதாரண சுவிட்ச் வைக்க மாட்டார்கள், கூரையிலிருந்து கயிறு தொங்கும், இழுத்தால் லைட் எரியும். நம் ஊரில் லைட் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைப்பது பழக்கமாகிவிட்டதால் அது பிரச்சினையில்லை, ஆனால் கீசர் சுவிட்சை மட்டும் ஷவருக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள், அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சுவிட்ச் வழியாகப் போக வேண்டியது ஃபேஸ். பழைய வீடுகளில் நியூட்ரலைச் சுவிட்சில் விட்டு, ஃபேஸை நேரே ஃபேனுக்குக் கொடுத்திருப்பார்கள். சுவிட்சைப் போட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும், பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் நிறுத்திய பிறகும் ஃபேனுக்குள் 230 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். தீபாவளிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஈரத் துணியால் இறக்கையைத் துடைக்கிற அம்மிணிகளை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள், மின்வாரிய அறிவிப்புகளில் ஆர்.சி.டி. என்று வரும். அது செய்கிற வேலை இவ்வளவுதான்: ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கேயோ ஈரச் சுவர் வழியாகவோ ஒரு ஆள் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு லைனை அறுத்துவிடும். கசிவு 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு இருந்தால் 0.04 வினாடிக்குள் அறுக்க வேண்டும் என்பது அதற்கான தரம். விலை இரண்டாயிரம் ரூபாய் பக்கம் வரும். வாங்கும்போது முகப்பில் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், ஏனென்றால் 100, 300 மில்லி ஆம்பியரிலும் அதே உருவத்தில் கடையில் இருக்கும். அவை தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள, ஆளுக்கு அல்ல. அப்புறம் ஒன்று, ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது, அதற்கு அது பல்பு எரிகிற கணக்குத்தான்.

எர்த் நன்றாக இருக்கிறதே, ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம்ம ஊர் மண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் மூன்றடி தோண்டினால் பாறை, ஆயிரம் அடி போர் போட்டும் தூசி பறக்கிற இடங்கள் உண்டு. கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்தவர் சித்திரை வைகாசியில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறாரா? காய்ந்த குழியில் எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், பாடியில் கரண்டு இறங்கினாலும் மண்ணுக்குப் போவது 230ஐ 20ஆல் வகுத்தால் வருகிற பதினொன்றரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது. கீசர் லைனில் எடுத்த ஃபேன் என்றால், எர்த் ஒயர் ஒழுங்காகப் போட்டிருந்தும் அதன் இரும்புச் சட்டத்தில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் நின்றுகொண்டிருக்கும். அதே 20 ஓம் குழியோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், கரண்டு இறங்கிய அந்த நொடியே லைன் போய்விடும், குளிக்கப் போகும் முன்னாலேயே தெரிந்துவிடும். நம் பாறை மண்ணுக்கு இது வேண்டியே வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் வீட்டில் இருக்கிறதே என்று இதைப் படிக்கிற பலர் சொல்லக்கூடும். இருக்கிறது, வேலை செய்கிறதா? டி (T) என்ற எழுத்துப் போட்ட ஒரு சின்ன பட்டன் அதில் இருக்கும், கரண்டு இருக்கும்போது அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். மாதம் ஒரு தடவை அமுக்கச் சொல்லித்தான் கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். அமுக்கியும் விழாமல் நிற்கிற வீடுகள் எத்தனையோ. சிலது கெட்டுப்போனது, சிலதை எலெக்ட்ரீசியனே பைபாஸ் பண்ணி வைத்தது.

பைபாஸ் பண்ணிய கதையைச் சொல்லாமல் விட முடியாது, கொங்கு நாட்டு வீடுகளில் இதுதான் நிஜமான சிக்கல். முழு வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போட்டிருப்பார்கள், போர் மோட்டாரும் அதிலேயே. நூற்றுக்கணக்கான அடி கேபிள் தண்ணீருக்குள் தொங்குகிறது, எங்காவது ஒரு ஜாயிண்டில் கொஞ்சம் கசியும், மோட்டாரைப் போட்டதும் வீடே இருட்டாகும். நாலு நாள் பார்ப்பார்கள், ஐந்தாம் நாள், "ஏனுங்கண்ணா, இந்தச் சனியன் சும்மா சும்மா உழுகுதுங்க, எடுத்து உட்ரலாமுங்களா?" என்று எலெக்ட்ரீசியன் கேட்பார், வீட்டுக்காரரும் சரி என்பார். இன்னொன்று இன்வர்ட்டர். இன்வர்ட்டர் லைனுக்கும் ஈ.பி. லைனுக்கும் நியூட்ரலைச் சேர்த்துக் கட்டிவிட்டால், ஃபேஸ் ஒரு வழியாகப் போகும், நியூட்ரல் இன்னொரு வழியாகத் திரும்பும், ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்று எண்ணி விழுந்துகொண்டே இருக்கும். குற்றம் ஆர்.சி.சி.பி. மேல் இல்லை, ஒயரிங் மேல். மோட்டாரைத் தனியாகப் பிரித்து, இன்வர்ட்டர் நியூட்ரலைத் தனியாக ஓட்டி, குளியலறை லைட், ஃபேன், கீசர் இவற்றுக்கு மட்டும் ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டால் அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் இருக்கும். டி.பி. பாக்ஸில் இடமில்லை என்றால் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. என்று கிடைக்கிறது.

இன்வர்ட்டர் என்றதும் இன்னொன்று. ஃபேன் மாட்டும் முன் மெயினை இறக்கிவிட்டோம் என்று ஒயரில் கை வைத்துவிடாதீர்கள். குளியலறை லைட்டும் ஃபேனும் பெரும்பாலான வீட்டில் இன்வர்ட்டர் லைனில்தான் இருக்கும், ஈ.பி. போனதும் அது உடனே எடுத்துக்கொடுக்கும், அதே 230 வோல்ட். மெயினையும் இறக்கி, இன்வர்ட்டரையும் அணைத்து, அப்புறம் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் கரண்டு இருக்கிற வேறொரு இடத்தில் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வேலை செய்யும் ஒயரில் வைத்துப் பார்ப்பது பட்டறைப் பழக்கம். சட்டைப் பையில் சொருகுகிற நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி நான் எதையும் தொடுவதில்லை.

ஃபேனை எங்கே வைப்பது என்பதில் உங்கள் கட்டுரை படத்துக்கு அழகாக ஷவருக்கு நேர் மேலே வைத்திருந்தது. குளியலறை ஒயரிங்குக்கான ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேச விதிப்படி, தொட்டியில்லாமல் சும்மா ஷவர் மட்டும் இருக்கிற குளியலறையில், ஷவரிலிருந்து 1.2 மீட்டர் தூரம் வரை, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரைக்கும் ஈரப் பகுதி. அதாவது சுமார் நாலடிக்குள், ஏழடி நாலு இஞ்சு உயரத்துக்குள். நம் வீட்டு வெண்டிலேட்டர் லிண்டல் மட்டத்தில், ஏழடியில் முடிகிறது, உயரக் கணக்கில் அதுவும் ஈரப் பகுதிதான். அஞ்சுக்கு ஏழு அடி குளியலறையில் ஷவரிலிருந்து நாலடி தள்ளி வைப்பது எல்லோருக்கும் முடியாது. முடிந்தால் எதிர்ச் சுவரில் வையுங்கள், முடியாவிட்டால் ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்ட ஃபேனாக, அதாவது எந்தப் பக்கம் தண்ணீர் தெறித்தாலும் உள்ளே இறங்காத ஃபேனாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் சும்மா எக்ஸாஸ்ட் ஃபேன் என்று கேட்டால் சமையலறைக்கு வைக்கிற இரும்புச் சட்ட ஃபேனைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

எந்தத் திசைச் சுவர் என்பதும் உண்டு, இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். வைகாசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று அடித்து நொறுக்குவது தெரிந்ததே, காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். மேற்குச் சுவரில் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தக் காற்றை எதிர்த்துத் தள்ள முடியாமல் மெதுவாக ஓடும், காயில் சூடேறும், மழை வந்தால் சாரல் நேரே மோட்டாருக்குள். வேறு சுவர் இல்லையென்றால் வெளிப்பக்கம் கீழ்நோக்கிய மூடி வைக்க வேண்டும், இறக்கை நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் பட்டைகளும் வேண்டும். ஃபேனுக்குப் போகும் ஒயரையும் நேரே உள்ளே விடாமல், கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றினால் ஒயரைப் பிடித்து வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். இணைப்பு, மூடியுள்ள பெட்டிக்குள் கனெக்டரில் இருக்கட்டும், டேப் சுற்றல் வேண்டாம்.

கேஸ் கீசர் குளியலறைக்குள் இருப்பவர்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று தைரியமாக இருக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கதவுக்குக் கீழே காற்று வரச் சந்து விடாமல் ஃபேனைப் போட்டால் கீசர் புகையே உள்ளே திரும்பலாம். கீசரை வெளியே மாற்றுவதுதான் வழி.

வேலைக்கு யாரைக் கூப்பிடுவது? தமிழ்நாடு மின் உரிம வாரியம் கொடுக்கும் ஒயர்மேன் சான்றிதழ் இருக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். இருக்கிறதா தம்பி, கொஞ்சம் காட்டு என்று கேட்பதில் கூச்சம் எதற்கு, பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கேட்டால் நாம் காட்டுவதில்லையா. நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த் ஒயரிலேயே வேலையை முடித்துவிடுகிறேன் என்று சொல்கிற ஆளாக இருந்தால் டீயை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்படிச் செய்த வீட்டில் எர்த் குழி காய்ந்துவிட்டால், ஃபேன் போட்டதும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று எர்த் போட்ட பாடியெல்லாம் ஷாக் அடிக்கும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. சுவர் பூசுவதற்கு முன் வெண்டிலேட்டர் வரைக்கும் ஒரு முக்கால் இஞ்ச் பைப் போட்டு வைக்கச் சொன்னால் ஆகிற செலவு ஒன்றுமே இல்லை. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு அதையே செய்ய நினைத்தால், டைல்ஸை உடைக்க மனசு வராமல் எல்லோரும் கீசர் சாக்கெட்டில்தான் வந்து நிற்கிறார்கள். வாஸ்து பார்க்க மூன்று பேரைக் கூப்பிடுகிற இஞ்சினியர்கள் இதைப் பிளானில் ஒரு கோடு போட்டுக் காட்டினால் என்ன?

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில், ஒரு டி.பி. பாக்ஸைத் திறந்து படம் எடுத்துப் போடுங்கள். எம்.சி.பி. எது, ஆர்.சி.சி.பி. எது, டி பட்டன் எங்கே இருக்கிறது, 0.03 ஆம்பியர் என்பது எந்த மூலையில் அச்சாகியிருக்கிறது என்று அம்புக்குறி போட்டு, பெரிய எழுத்தில். ஃபேன் படத்துக்குக் கொடுத்த கலரையே அதற்கும் கொடுங்கள். படம் எடுக்க டி.பி. பாக்ஸ் வேண்டுமானால் என் பட்டறையிலேயே இருக்கிறது, உங்கள் ஆளை எந்த நாள் வேண்டுமானாலும் அனுப்பலாம், புதன்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காயில் பட்டறைக்காரர்,
காங்கேயம்.